எல்லாக் கணக்குக்கும் ஒரே மறைச்சொல்லா? 'பாஸ்வேர்ட் மேனேஜர்' பயன்படுத்தத் தொடங்குவது எப்படி?

சிங்ஹெல்த் கட்டமைப்புக்குள் 2018ஆம் ஆண்டில் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களை அள்ளிச் சென்றனர். அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரங்களும் அவற்றில் அடங்கும். சம்பவத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் பட்டியலிடப்பட்ட பல குறைகளுக்கு நடுவே ஒரு சின்ன விவரம். ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு வைக்கப்பட்டிருந்த மறைச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான். 'ஏ' எழுத்துக்குப் பதில் @ குறி, 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனித்தால், இணையத்தளங்கள் கேட்கும் எல்லாமே அதில் இருக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு, மொத்தம் எட்டு இடங்கள். பதிவுப் பக்கம் பச்சை 'டிக்' போட்டு ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஊடுருவுபவர்கள் முதலிலேயே முயன்று பார்க்கும் சொற்களில் அதுவும் ஒன்று.

அது நிபுணர்கள் பராமரித்த கட்டமைப்பு. நம்ம நிலைமை என்ன? சிங்பாஸ், வங்கி, மின்னஞ்சல், இன்ஸ்டகிராம், கேரசல், ஷாப்பி, கிராப், பள்ளிக் கணக்கு, பகுதிநேர வேலைக்கான செயலி, எப்போதோ ஒரு பபிள் டீ தள்ளுபடிக்காகத் திறந்த கணக்கு... எண்ணத் தொடங்கினால் ஐம்பதை எளிதாகத் தாண்டலாம். 'இத்தனையும் யாரு ஞாபகம் வெச்சுக்கிறது?' என்று ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறோம். தளம் அடம்பிடித்தால் கடைசியில் ஒரு '1' சேர்ப்போம்.

மறைச்சொல் எவ்வளவு கடினம் என்பதைவிட, அதை எத்தனை இடத்தில் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பெரிய சிக்கல்.

ஒன்றையே பயன்படுத்தினால் என்ன ஆகும்?

2020 அக்டோபரில் ரெட்மார்ட் இணைய மளிகைத் தளத்தின் பழைய தரவுத்தளம் ஒன்றிலிருந்து 1.1 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றோடு மறையாக்கம் செய்யப்பட்ட மறைச்சொற்களும் அதில் இருந்தன. 'அரிசி, பருப்பு வாங்கின கணக்குதானே, போனா போகட்டும்' என்று தோன்றலாம்.

கசிந்த மறைச்சொல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், எளிதாக ஊகிக்கக்கூடியது என்றால் உடைத்துவிடலாம். அதன் பிறகு அந்த மளிகைக் கணக்கை யாரும் சீண்டப்போவதில்லை. உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும் ஜோடியாக எடுத்து வேறு நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். அதைச் செய்வது மனிதர் அல்ல, நிரல். அதற்குத் தூக்கமும் இல்லை, சலிப்பும் இல்லை.

'23அண்ட்மீ' என்ற அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்தது அதுதான். அந்த நிறுவனத்திடமிருந்து மறைச்சொற்கள் கசியவில்லை. வேறு தளங்களில் கசிந்த அதே மறைச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தனர். உறவினர்களைக் கண்டறியும் வசதி வழியாக அங்கிருந்து சுமார் 6.9 மில்லியன் பேரின் விவரங்களை எடுத்தனர். கவனக்குறைவாக இருந்தவர்கள் 14,000 பேர். விவரங்களை இழந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய சொந்தக்காரர்கள்.

அடையாள அட்டை எண், பிறந்தநாள்... வைக்கலாமா?

வேண்டாம். 2024 டிசம்பரில் அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில், பெயரைத் தேடினால் முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்த சம்பவம் நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையின்போது அரசாங்கம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: அடையாள அட்டை எண் ரகசியம் அல்ல, அதை மறைச்சொல்லாகப் பயன்படுத்தக்கூடாது. 2025 ஜூனில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனங்களுக்கு அதையே அறிவுறுத்தின.

நம்மிடையே இந்தப் பழக்கம் ஆழமாக ஊறியது. அம்மாவின் கைத்தொலைபேசி எண், தம்பியின் பிறந்த ஆண்டு, புளோக் எண், குலதெய்வத்தின் பெயர். குடும்பத்தை நன்றாகத் தெரிந்தவருக்கு நாலே நிமிடம் போதும்.

'பாஸ்வேர்ட் மேனேஜர்' என்ன செய்கிறது?

மறைச்சொற்களை உருவாக்கி, பூட்டி வைத்து, தேவைப்படும் இடத்தில் தானே நிரப்பும் செயலி அது. ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான, அர்த்தமே இல்லாத ஒரு மறைச்சொல்லை அது தயாரிக்கும். அது என்னவென்று உங்களுக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுதான்: செயலியைத் திறக்கும் முதன்மை மறைச்சொல்.

நல்ல செயலிகளில் பூட்டும் வேலை உங்கள் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ நடக்கிறது. பூட்டிய பெட்டி மட்டுமே நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சாவி அவர்களிடம் இல்லை. பிட்வார்டன், 1பாஸ்வேர்ட் போன்றவை அப்படித்தான் இயங்குகின்றன. அதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. முதன்மை மறைச்சொல்லை மறந்துவிட்டு, 'கொஞ்சம் ரீசெட் பண்ணிக் கொடுங்க' என்று கேட்டால், அவர்களால் முடியாது. உண்மையிலேயே முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பத்து யூடியூப் காணொளி பார்த்து, ஒப்பிட்டு, குழம்பி, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவது.

ஐஃபோன், மேக் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு ஆப்பிளின் 'பாஸ்வேர்ட்ஸ்' செயலி போதும். 2024இல் வந்த ஐஓஎஸ் 18இலிருந்து அது தனிச் செயலியாகவே இருக்கிறது. ஆண்ட்ராய்டும் குரோமும் பயன்படுத்துபவர்களுக்கு கூகலின் மறைச்சொல் வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கையில் ஐஃபோன், மேசையில் விண்டோஸ் மடிக்கணினி என்று கலந்திருந்தால் பிட்வார்டன் வசதி. இலவசத் திட்டத்திலேயே எத்தனை மறைச்சொற்களையும் எத்தனை சாதனங்களிலும் வைக்கலாம். 1பாஸ்வேர்டுக்குச் சந்தா கட்டவேண்டும். 'எதுவும் இணையத்துக்கே போகக்கூடாது' என்பவர்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. ஆனால் கோப்பைப் பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. முதல்முறை தொடங்குபவர்களுக்கு அது ஏற்றதல்ல.

எதை எடுத்தாலும், மறைச்சொற்களை வெளியே எடுத்துச்செல்லும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் செயலியில் மறைச்சொற்களைச் சேமிக்கும் வசதி 2025இல் நிறுத்தப்பட்டது. பயன்படுத்தியவர்கள் இடம் மாறவேண்டியிருந்தது. அப்படி மாற்றும்போது கிடைக்கும் கோப்பில் எல்லா மறைச்சொற்களும் பூட்டு இல்லாமல் அப்படியே இருக்கும். புதிய செயலியில் ஏற்றியதும் அதை அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டி ஃபோல்டரிலிருந்தும் சேர்த்து.

கைத்தொலைபேசியோடு வரும் செயலியைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். முகமோ கைரேகையோ வேலை செய்யாவிட்டால் திரைப்பூட்டு எண்ணே எல்லாவற்றுக்கும் சாவியாகிவிடும். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும்படி அந்த எண்ணைத் தட்டாதீர்கள். தேக்கா நிலையத்தில் டிஷ்யூ பாக்கெட்டுக்குப் பதில் கைத்தொலைபேசியை வைத்து மேசை பிடிப்பவர்கள், இனி டிஷ்யூவுக்கே திரும்பலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் திரைப்பூட்டு எண்ணைச் சொல்லும் பழக்கத்தையும் மாற்றுங்கள். திரை, பேட்டரி மாற்ற அது பெரும்பாலும் தேவையில்லை. சோதித்துப் பார்க்கவேண்டும் என்றால் நீங்களே பக்கத்தில் நின்று திறந்து காட்டலாம். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் 2024 ஜனவரியில் வந்த 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' வசதியை இயக்கிவிடுங்கள். வழக்கமான இடங்களுக்கு வெளியே இருக்கும்போது, வெறும் எண்ணை வைத்து மறைச்சொற்களைத் திறக்க அது விடாது.

முதன்மை மறைச்சொல் எப்படி இருக்கவேண்டும்?

நீளம்தான் பலம். குறைந்தது 12 எழுத்துகள், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவை ஒட்டிய ஐந்து சொற்கள் என்பது இணையப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் வழி. நல்ல யோசனைதான். ஆனால் அந்த நினைவை ஏற்கெனவே இன்ஸ்டகிராமில் படத்தோடு போட்டிருந்தால் பயனில்லை.

முதன்மை மறைச்சொல்லுக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி, சம்பந்தமே இல்லாத சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுப்பது. பகடை உருட்டிச் சொற்களை எடுக்கும் பட்டியல்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஒரு பட்டியலில் 7,776 சொற்கள். ஐந்து சொற்களை அப்படி எடுத்தால், 28க்குப் பின்னால் 18 பூஜ்யம் போடும் அளவுக்கு வாய்ப்புகள். பகடை இல்லையா? ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் படும் சொல்லை எடுங்கள். வேறு வேறு பக்கத்தில் ஐந்து தடவை. பிடிக்கவில்லை என்று சொல்லை மாற்றக்கூடாது; மாற்றத் தொடங்கினால் மறுபடியும் உங்கள் மனசுக்குள்ளிருந்து வரும் சொற்களாகிவிடும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாமா? தாராளமாக. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 'மழை'யின் 'ழ'வுக்கு 'இசட்-எச்' போட்டீர்களா, 'எல்' போட்டீர்களா? 'பட்டம்' சொல்லில் ஒரு 'டி'யா, இரண்டா? 'கடல்' எழுதும்போது 'டி'யா, 'டி-எச்'சா? வைக்கும் அன்று தெளிவாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் புதுக் கைத்தொலைபேசி வாங்கித் திரும்பத் தட்டும்போது கை நின்றுவிடும். ஒரே விதமாக மட்டுமே எழுத வருகிற சொற்களாக எடுங்கள். தமிழ் எழுத்திலேயே வைப்பதும் சிரமம்: எல்லாத் தளமும் ஏற்காது, எல்லாக் கணினியிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது.

தயாரானதும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆமாம், தாளில்தான். 'மறைச்சொல்லை எழுதி வைக்கவே கூடாது' என்பது அலுவலகக் கணினித் திரையில் ஒட்டுத்தாள் ஒட்டிய காலத்து அறிவுரை. வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவரால் உங்கள் வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ் இருக்கும் கோப்பிலேயே உறையில் போட்டு வையுங்கள். அந்தத் தாளைப் படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பழைய அறிவுரையையும் விட்டுவிடலாம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது. கசிந்ததற்கு அறிகுறி இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே பரிந்துரைத்தது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள்.

முதல் நாள் எதை மாற்றுவது?

ஐம்பது கணக்கையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். பாதியில் வெறுத்துப்போகும். முதல் நாள் மின்னஞ்சல் மட்டும்.

மற்ற எல்லாக் கணக்குக்கும் 'மறைச்சொல் மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் இணைப்பு எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்கு. அதைப் பிடித்தவர் மீதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம். அதற்குப் புது மறைச்சொல் வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அப்போது கொடுக்கப்படும் மீட்புக் குறியீடுகளை அதே உறையில் போடுங்கள். பாஸ்வேர்ட் மேனேஜருக்கும் அதே சரிபார்ப்பு வேண்டும். அதற்கான குறியீடு அந்தச் செயலிக்கு உள்ளேயே இருந்தால், வீட்டுக்குள் சாவியை வைத்துக் கதவைச் சாத்திய கதைதான்.

அந்த வாரத்துக்குள் வங்கி, சிங்பாஸ், பணம் சம்பந்தப்பட்ட செயலிகள், சமூக ஊடகம். மற்றவற்றை எப்போது உள்ளே போகிறீர்களோ அப்போது மாற்றினால் போதும். உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியர் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் உதவும். அதில் முகவரியைத் தட்டினால் பட்டியல் வரும். பட்டியலைப் பார்த்துப் பதற்றப்படவேண்டாம். பல ஆண்டாக ஒரே முகவரியைப் பயன்படுத்தும் யாருக்கும் ஏதாவது வரத்தான் செய்யும்.

பள்ளி, அலுவலகக் கணினிகளில் சொந்த மறைச்சொற்களைச் சேமிக்காதீர்கள். அவை உங்கள் கணினிகள் அல்ல.

'அந்த கம்பெனியையே ஹேக் பண்ணிட்டா?'

நியாயமான கேள்வி. நடந்தும் இருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே எடுத்துச் சென்றனர். மறைச்சொற்கள் பூட்டியே இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. முதன்மை மறைச்சொல் பலவீனமாக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை, எடுத்தவர்கள் ஆற அமர உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம். இணையத்தளம் போல 'ஐந்து தடவை தவறு, கணக்கு முடக்கம்' என்று தடுக்க அங்கே யாரும் இல்லை.

ஆகவே 'ஆபத்தே இல்லை' என்று சொன்னால் அது பொய். நீளமான முதன்மை மறைச்சொல் வைத்தவருக்கும், பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைத்தவருக்கும் அதே கசிவு ஒரே அளவு ஆபத்து அல்ல. ஒரே மறைச்சொல்லை ஐம்பது இடத்தில் வைப்பதோடு ஒப்பிட்டால், பெட்டகம் இன்னும் மேலான தேர்வுதான்.

செயலி நிரப்ப மறுத்தால்?

நில்லுங்கள். அது கோளாறாக இல்லாமல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகளை நம்பி 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தனர். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் போலிச் செய்தியும் வந்து விழுந்தது. இணைப்பை அழுத்தினால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம். மனிதக் கண் ஏமாந்துபோகும். பாஸ்வேர்ட் மேனேஜர் பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. இணைய முகவரியை மட்டும் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதற்கு அது வேறு தளம், எனவே நிரப்பாது. அந்த நேரத்தில் 'என்னாச்சு இதுக்கு?' என்று எரிச்சல்பட்டு மறைச்சொல்லைப் பிரதியெடுத்து ஒட்டினால், காவல்காரரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டதாகும். உண்மையான தளமே முகவரியை மாற்றியிருக்கலாம். அப்படி என்றால் வங்கியின் செயலி வழியாகப் போய்ப் பாருங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. பதிவு செய்யாத அனுப்புநர்களின் செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்ற அடையாளத்தோடு வருகின்றன.

அதே சமயம், செயலி தடுக்காதவையும் உண்டு. 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் மறைச்சொல்லை உடைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களே பேச்சை நம்பிப் பணத்தை அனுப்பிவைத்தனர். போலிஸ் என்று சொல்லி ஒருவர் அழைக்கும்போது எந்தச் செயலியும் இடையில் வந்து பேசாது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

பாஸ்கீ வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு?

மறைச்சொல்லே இல்லாமல், கைரேகையோ முகமோ காட்டி உள்ளே போகும் முறை பாஸ்கீ. போலித் தளத்தில் அது வேலை செய்யாது. திருடிச்செல்ல ஒரு சொல்லும் இல்லை. எந்தத் தளம் அதைத் தந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பாஸ்கீகளைச் சேமிப்பதும் அதே பாஸ்வேர்ட் மேனேஜர்தான். எல்லாத் தளங்களும் மாறும்வரை இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அம்மா, பாட்டியின் கணக்குகளை என்ன செய்வது?

பல வீடுகளில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் 'ஐடி டிபார்ட்மென்ட்'. 'தம்பி, இதுல என்னமோ கேக்குது பாருடா' என்று கைத்தொலைபேசி கைக்கு வரும். எல்லோருடைய மறைச்சொல்லும் உங்கள் தலைக்குள், அல்லது உங்கள் வாட்ஸ்அப்பில்.

நெட்ஃபிளிக்ஸ், வைஃபை போல வீட்டுக்குப் பொதுவானவற்றை ஆப்பிள் 'பாஸ்வேர்ட்ஸ்' செயலியில் பகிர்வுக் குழு அமைத்துப் பகிரலாம். 1பாஸ்வேர்டின் குடும்பத் திட்டத்திலும் பொதுப் பெட்டகம் உண்டு. ஆனால் சிங்பாஸ், வங்கி இரண்டையும் உங்கள் பெட்டகத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாட்டி ஆசையோடு தந்தாலும்கூட. அவர் பேரனை நம்பிச் சொல்வது பிரச்சினை இல்லை. 'கேட்டால் சொல்லலாம்' என்ற பழக்கம்தான் பிரச்சினை. நாளைக்கு அதிகாரி என்று சொல்லி இன்னொருவர் கேட்பார். சிங்பாஸ் விவரங்களைக் குற்றச்செயலுக்கு உதவும் வகையில் பிறருக்குத் தருவது 2024 பிப்ரவரியிலிருந்து குற்றம் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். சில நூறு வெள்ளிக்குக் கணக்கை 'வாடகைக்கு' விடும்படி நண்பர்கள் கேட்பதும் அதில்தான் வரும்.

சிடிசி பற்றுச்சீட்டுகளுக்காகப் பாட்டியின் சிங்பாஸ் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவர் பெற்றால் போதும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்பலாம். திறன்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் உதவி கேட்கலாம்.

வயதானவர்களுக்குப் பாஸ்வேர்ட் மேனேஜர் கட்டாயம் என்று சொல்லமாட்டோம். நான்கைந்து கணக்கு மட்டும் இருப்பவருக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் நன்றாகவே வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மறைச்சொல், தெளிவான எழுத்தில், தமிழில் தலைப்புப் போட்டு. ஒரே நிபந்தனை: கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போகக்கூடாது, வீட்டிலேயே இருக்கவேண்டும். உட்கார்ந்து சொல்லித்தர உங்களுக்குப் பொறுமையோ நேரமோ இல்லை என்றால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்களை நாடலாம். போகும்போது கைத்தொலைபேசியை அவரே பிடித்திருக்கட்டும், அவரே தட்டட்டும். நீங்கள் தட்டிக் கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடியும் உங்களிடம்தான் வரும்.